சாவி வைத்திருப்பவர்கள்

சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவுக்கும் நான் பிறந்து வளர்ந்த சாய்ந்தமருதுக்கும் இடையில் மாளிகைக்காடு என்ற ஓர் ஊர்தான் இருக்கிறது. சைக்கிளில் போனாலும் அதிக நேரம் எடுக்காது. அப்படியிருந்தும் அவர் பிறந்த வீட்டுக்குள் நான் முதன்முதலில் கால் வைத்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் நான். யாழ்நூல் பற்றிய வினாவுக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதிப் பட்டமும் வாங்கியவன். நூலை எழுதியவரின் வாசல் வழியாக ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு தடவையும் இறங்கவில்லை.

ஏன் என்பது இந்தப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆனாலும் வரலாறு எழுத உட்கார்ந்துவிட்டு அதைச் சொல்லாமல் தாண்டிப் போகக்கூடாது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. எரித்தவர்களுள் நம்மவர்களும் இருந்தார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு பக்கத்து ஊர் என்பது பஸ் ஜன்னலால் பார்க்கும் இடமாகிப் போனது. என் தலைமுறை அந்த ஜன்னலோரத்தில் வளர்ந்தது.

விபுலாநந்தரை 'இசையமைப்பாளர்' என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சினிமாப் பொருளில் சொல்ல முடியாதுதான். பாடல்கள் எழுதினார், அவை இன்றும் பாடசாலைகளில் பாடப்படுகின்றன. ஆனால் அவர் செய்த பெரிய வேலை வேறு. வழக்கொழிந்து போன யாழ் என்ற கருவியையும் அதன் இசையிலக்கணத்தையும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில வரிகளைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டு மீட்டெடுத்தார். 1892இல் மயில்வாகனன் என்ற பெயரில் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளில் படித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். இந்த இரண்டும் ஓர் ஆளிடம் சேராதிருந்தால் யாழ்நூல் பிறந்திருக்காது. 'பாலைத்திரிபியல்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள், தமிழாசிரியருக்குத் தலை சுற்றும், கணித ஆசிரியருக்குச் சிரிப்பு வரும். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்த நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் கொழும்பில் காலமானார்.

நமக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு கல்முனையில் அவர் படித்ததோடு முடிந்துவிடவில்லை. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1942இல், யுத்தகால உணவுப் பஞ்சத்தைச் சமாளிப்பதற்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். வயல்களைப் பார்க்க வந்தவரின் கண்ணில் பட்டது பாடசாலை இல்லாத பிள்ளைகள். அந்த நாட்களில்தான் விபுலாநந்தரோடும் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அப்போது கல்முனையில் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சங்கம், 1945இல் பிறந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு முன்னோடியாயிற்று. அந்த நிதியால் படித்தவர்களின் பிள்ளைகள் இதை வாசித்துக்கொண்டிருக்கக்கூடும். ஊர் ஊராகப் பாடசாலை நடத்திய ஒரு துறவியும் ஒரு முஸ்லிம் சிவில் உத்தியோகத்தரும் பேசிக்கொண்டது நம்முடைய வரலாறுதான். அதைக் காரைதீவுக்காரரின் வரலாறு என்று நாம் விட்டுக்கொடுத்துவிட்டோம்.

இனி வீட்டுக்கு வருவோம். பதினோராம் வகுப்பு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக அறிவித்த அன்றே ஒரு தந்தை தொலைபேசியில் எடுத்தார். "சேர், புள்ளைகள அங்க கூட்டிப் போறீங்களாமே, படத்துக்கு மாலை கீலை போடச் சொல்லுவாங்களா?" கேள்வியில் தப்பில்லை. நான் முந்திய நாளே தனியாகப் போய், சாவியோடு வந்த பெரியவரிடம் அதை அப்படியே கேட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் முகம் கோணவில்லை. "நீங்க பிள்ளையள கூட்டி வாங்க சேர். பாக்கட்டும், கேக்கட்டும். பூ வைக்கிறது எங்கட வேலை, அத நாங்க செய்வம்."

மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே முற்றம் கூட்டப்பட்டிருந்தது. பெரியவரோடு இன்னும் இருவர். பிள்ளைகளுக்கு அவர் விபுலாநந்தரின் பெருமைகளை அடுக்கவில்லை. வாத்தியார் புத்தி, கேள்விதான் கேட்டார். "நரம்பைப் பாதியாக்கினா சத்தம் என்னாகும்?" பின்வரிசையில் நின்ற, வகுப்பில் வாயே திறக்காத பையன், "கூடும் ஐயா, ரெண்டு மடங்கு" என்றான். பௌதிகவியல் பாடத்தில் படித்ததாம். அவ்வளவுதான், இருவரும் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மற்றவர்கள் வேடிக்கை பார்த்தோம்.

காரைதீவில் இந்தப் பெயரைக் காப்பதற்கென்றே ஞாபகார்த்தப் பணிமன்றம் இருக்கிறது, மணிமண்டபம் இருக்கிறது. மார்ச்சில் பிறந்த நாள், ஜூலையில் நினைவு நாள். மேடை, மாலை, பேச்சு எல்லாம் அந்த இரண்டு நாட்களுக்கு. மிச்ச நாட்களில் என்ன நடக்கிறது என்று பெரியவரைக் கேட்டேன். "மழைக்கு முந்திக் கூரை பாக்கணும். கறையான் பாக்கணும். கடற்காத்து புத்தகத்த விடாது சேர்." 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்ததை இந்தக் கரையோரத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அது ஒரு காலை நேரத்து வேலை. கறையானும் உப்புக்காற்றும் ஒவ்வொரு நாளும் வேலை செய்கின்றன. அவற்றுக்கு எதிராக நிற்பவருக்கு மேடையில் கதிரை கிடைப்பதில்லை.

பீத்தோவன் பிறந்த வீடு ஜெர்மனியின் பொன் நகரில் இருக்கிறது. அதை அரசரோ அரசாங்கமோ காப்பாற்றவில்லை. வீடு இடிபடப் போகிறது என்று தெரிந்ததும் 1889இல் நகரவாசிகள் பன்னிரண்டு பேர் ஒரு சங்கம் அமைத்து அதை விலைக்கு வாங்கினார்கள். நான்கு வருடத்தில் நூதனசாலையாகத் திறந்தார்கள். இன்றும் அந்தச் சங்கம்தான் நடத்துகிறது. அதே நேரம் காசியைப் பாருங்கள். ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் 2006இல் மௌத்தானார். இந்தியாவின் மிக உயர்ந்த பாரத ரத்னா விருது பெற்றவர். 2020இல் அவர் வாழ்ந்த வீட்டின் மேல்மாடியில், அவர் சாதகம் செய்த அறை இடிக்கப்பட்டது. குடும்பத்துக்குள்ளேயே கட்டடம் எழுப்பும் யோசனை. குடும்பத்தை மட்டும் திட்டுவது சுலபம். பரம்பரை வீடு, பல பங்காளிகள், பழுதான சுவர், அவர்களும் எங்கேயாவது குடியிருக்க வேண்டுமே. அந்தப் பன்னிரண்டு பேரைப் போல யாரும் வந்து சாவியைக் கேட்டு வாங்கவில்லை, நான் பார்ப்பது அதைத்தான்.

புறப்படும்போது பெரியவர் என்னை ஓரமாக அழைத்தார். குறை சொல்லவோ காசு கேட்கவோ அல்ல. "சேர், சின்ன வயசில வேளாமைக் காலத்தில உங்கட ஆக்கள் வயலுக்க கவி படிக்கிறதக் கேட்டிருக்கன். அதுகளப் படிச்ச ஆக்கள்ற வீடு எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கவி அச்சில் இல்லாமல் இல்லை. வீ.சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் நம் ஊர்களில் அலைந்து தொகுத்தார். பல்கலைக்கழகத்தில் நாங்கள் அதையெல்லாம் 'நாட்டார் பாடல்' என்று படித்தோம். நாட்டார் என்றால் யார் பாடினார் என்று கேட்கத் தேவையில்லை என்று எங்களுக்கு நாங்களே அனுமதி கொடுத்துக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு கவியையும் யாரோ ஓர் ஆள், அதிகமும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், ஒரு பொழுதில் கட்டியிருக்கிறார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு வளவு இருந்தது. றபானோடு வந்த பக்கீர் பாவாக்களுக்கும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டேன். உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்கட பெத்தும்மாட ராத்தா படிப்பாவு. பொம்புளைக் கலியாணத்துக்கெல்லாம் வந்து கூட்டிப் போவாங்க." வீடு எங்கே என்றேன். வளவைப் பிரித்து மூன்று பேருக்குக் கொடுத்தாயிற்று, சுனாமிக்குப் பிறகு மாடி வீடு வந்துவிட்டது, கிணறு மட்டும் மிச்சம் என்றார். பெயர் கேட்டேன். முழுப்பெயர் உம்மாவுக்கு நினைவில்லை. வீட்டில் எல்லாரும் 'மூத்தராத்தா' என்றுதான் கூப்பிட்டார்களாம்.

அடுத்த வாரம் அந்தப் பின்வரிசைப் பையனிடம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொடுத்து, அவனுடைய மூத்தம்மாவிடம் போய்க் கேட்டுவரச் சொன்னேன். முதலில் பாட்டு வேண்டாம், படித்தவரின் பெயரும் வளவு இருந்த இடமும் போதும் என்றேன். இதுவரை பதினொரு பெயர் எழுதியிருக்கிறான். அதில் ஒன்பது பெண்கள்.