பெயிண்டர் எழுப்பிய மாடிகள்

நியூகாசிலில் கிரடஸ் பார்க் என்றொரு இடம். உயர உயரமான கவுன்சில் மாடிகள். வடிவில்லை என்று நண்பர்கள் சிரிப்பார்கள். அப்படியொரு மாடியில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு வராது.

அவற்றை எழுப்ப வைத்தவர் டான் ஸ்மித். 1915இல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார், பிறகு அதையே சொந்த நிறுவனமாக நடத்தினார். 1950இல் லேபர் கட்சிக் கவுன்சிலர். பத்து வருடத்துக்குள் கவுன்சில் தலைவர். ஈரம் ஊறிய பழைய வரிசை வீடுகளை இடித்து மாடிகளைக் கொண்டுவந்தார். கூடவே றோயல் ஆர்கேட் போன்ற அழகான பழைய கட்டிடங்களும் போயின. அது எனக்கும் கவலைதான். 1965இல் வடக்குப் பிராந்தியப் பொருளாதாரத் திட்டக் குழுவுக்கே தலைவரானார்.

ஆனால் ஜோன் போல்சன் என்ற கட்டிடக் கலைஞருக்கு மற்றக் கவுன்சில்களில் வேலை பிடித்துக்கொடுக்கக் காசு வாங்கியிருந்தார். 1974இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு வருடச் சிறைத் தண்டனை.

லஞ்சத்துக்கு நான் சாட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் இதையும் கேளுங்கள்: 1993இல் இறந்த அவர், கடைசிக் காலத்தில் குடியிருந்தது அப்படியொரு கவுன்சில் மாடியில்தான்.