வாளா, மந்திரமா, வியாபாரமா?

பத்தாவது முடிந்ததும் எந்த குரூப் எடுப்பது என்ற குழப்பம் ஆன்லைன் விளையாட்டிலும் உண்டு.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் மூன்றே வகைதான்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. ஒருவனால் முடியாததை இன்னொருவன் செய்வான். அதனால் கூட்டு சேர்ந்தே ஆகவேண்டும்.

2002-ல் தென்கொரியாவில் வந்த 'ராக்னராக் ஆன்லைன்' ஆறு தொழில்களைத் தந்தது. பின்பு லெவல் அப் நிறுவனம் இதை இந்தியாவிலும் நடத்தியது. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது. வேண்டுமானால் புதிதாக முதலில் இருந்து தொடங்கலாம்.

அந்த ஆறில் ஒன்று வணிகன். சண்டையில் சுமார்தான். ஆனால் கடையில் மலிவாக வாங்குவான், கூடுதல் விலைக்கு விற்பான், ஓசூர் கடைத்தெருவில் போல தள்ளுவண்டியோடு கடை விரிப்பான். வேட்டையில் கிடைத்ததைக் காசாக்க வாள்வீரனும் அவனைத்தான் தேடி வந்தான்.

காமர்ஸ் எடுத்தவனைக் கேலி செய்யும் சயின்ஸ் குரூப் நண்பர்கள் கவனிக்கவும்!