ஏலகிரி முதல் ஆம்பூர் வரை: சிறப்பு மருத்துவர்களை யாருக்காக உருவாக்குகிறோம்?

ஒரு சிறப்பு மருத்துவர் உருவாக எட்டரை ஆண்டுகள் ஆகின்றன. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள், முதுநிலைப் படிப்பு மூன்று ஆண்டுகள். சிறுநீரகவியல், இதயவியல் போன்ற உயர் சிறப்புப் பிரிவுகளுக்கு மேலும் மூன்று ஆண்டுகள் வேண்டும். ஆகவே, பத்தாண்டுகளுக்குப் பின் ஓர் அரசு மருத்துவமனையில் எந்த மருத்துவர் இருப்பார் என்பதை இன்றைய மாணவர் சேர்க்கையே தீர்மானிக்கிறது. எத்தனை இடங்கள் என்ற கேள்வியோடு திட்டமிடல் முடிந்துவிடுவதில்லை. எந்தப் பிரிவில், யாருக்கு, எந்த ஊருக்காக என்பவற்றையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டியுள்ளது.

2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பத்தூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏலகிரி மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலைக்குக் கீழே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் இயங்குகின்றன. தீட்டின் பெயரால் தலித்துகள்மீது சுமத்தப்பட்ட இத்தொழிலில் இன்றும் அவர்களின் உழைப்பே பெரும்பங்கு. பதனிடப் பயன்படும் குரோமிய உப்புகள் தோல் அழற்சியை உண்டாக்குகின்றன. தூசி நுரையீரலைத் தாக்குகிறது. காலணிப் பசைகளில் உள்ள கரைப்பான்கள் நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை. தோல்நோய், நுரையீரல், தொழில்சார் மருத்துவ வல்லுநர்கள் இங்கே அடிப்படைத் தேவை. ஆனால், 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றுகூட திருப்பத்தூருக்கோ இராணிப்பேட்டைக்கோ கிடைக்கவில்லை. மேல்சிகிச்சைக்கு வேலூர் செல்லும் தொழிலாளி அன்றைய கூலியை இழக்கிறார்.

இந்த இடைவெளியைக் குறைக்கத் தமிழ்நாட்டிடம் ஒரு நல்ல வழி உண்டு. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் நெடுங்காலமாக 50 விழுக்காடு ஒதுக்கப்பட்டு வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகளால் அது தடைபட்டது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இவ்வாறு ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றியவர் வல்லுநராகி அரசு மருத்துவமனைக்கே திரும்புவதற்கான பாதை இது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் (அதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் வழங்கும் மாநில இடஒதுக்கீட்டோடு இது இணையும்போதுதான் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் மருத்துவர்கள் வல்லுநர்களாக முடிகிறது.

ஆனால், உயர் சிறப்புப் படிப்புகளில் சாதிவாரி இடஒதுக்கீடு இல்லை. ஏணியின் கடைசிப் படி நமக்கு மூடப்பட்டே இருக்கிறது. 2025 ஜனவரி 29 அன்று, முதுநிலை மருத்துவ இடங்களில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இந்நிலையில், மருத்துவப் பயிற்சியை மக்களின் தேவையோடு இணைக்க அரசுப் பணி ஒதுக்கீடே மாநிலத்தின் கையிலுள்ள முதன்மையான கருவி.

அதைக் காப்பதோடு, அரசு மூன்றைச் செய்ய வேண்டும் எனக் கோருகிறோம். மாவட்டவாரியாக, பிரிவுவாரியாக வல்லுநர் காலிப்பணியிடங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முதுநிலை மாணவர்கள் மாவட்ட மருத்துவமனைகளில் ஆற்ற வேண்டிய மூன்று மாதக் கட்டாயப் பணிக்குத் தோல் தொழில் பகுதிகளிலும் மலைப்பகுதிகளிலும் முன்னுரிமை தர வேண்டும். முதுநிலை, உயர் சிறப்பு இடங்களில் சேர்ந்தோரின் சமூகவாரி விவரத்தைப் பொதுவில் வைக்க வேண்டும். இவ்விவரங்கள் வெளிவராதவரை, வல்லுநர்கள் நகரங்களில் குவிவதைத் திட்டமிடல் என்று ஏற்க இயலாது.