திரும்பி வராத கணம்

புகைப்படம் என்றால் சாட்சி என்று நம்பியே பழகிவிட்டோம். அதிவேக எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் வரலாறு இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

1878இல் கலிஃபோர்னியாவில், ரயில்வே முதலாளி ஸ்டான்ஃபோர்டின் பணத்தில், மைப்ரிட்ஜ் 12 காமிராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் அதில் பதிவானது. குதிரை ஓடியது ஒரே தடவைதான்.

1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் புற ஊதா ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்று எழுதினார்கள். மறுவருஷமே எண்ணெய் நெருக்கடி. வெயிலிலிருந்து எரிபொருள் என்கிற கனவுக்கு மவுசு கூடிற்று. ஆனால் ஒளிவினையூக்கி சுலபத்தில் பிடிகொடுக்கவில்லை. ஒளி பட்டதும் எலெக்ட்ரான் கிளம்புகிறது, அது விட்ட இடம் துளையாக நிற்கிறது. மேற்பரப்புக்குப் போய் வேலை செய்யும் முன்பே பெரும்பாலானவை ஒன்றோடொன்று சேர்ந்து அணைந்துபோகின்றன. இந்த ஆட்டம் ஃபெம்டோ நொடியில் தொடங்கிவிடுகிறது. நொடியைப் பத்துக் கோடி கோடியாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறு!

இதைப் பார்க்க வழி செய்தவர்களில் முக்கியமானவர், 1999இல் நோபல் பெற்ற எகிப்தியர் அஹமது ஸெவைல். லேசர் துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றால் பொருளைத் தூண்டி, மற்றதால் எலெக்ட்ரான்களைக் கிளப்பிப் படமெடுக்கும் நுண்ணோக்கியை அவர் கால்டெக்கில் உருவாக்கினார். ஒளியின் பாதையை 0.3 மில்லிமீட்டர் நீட்டினால் ஒரு பிகோ நொடி தாமதம். அதாவது, தூரத்தைக் கொண்டு காலத்தை அளக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். கூட்டமாக அனுப்பினால் துடிப்பு விரிந்து படம் கலங்கிவிடும். எனவே துடிப்புக்கு ஒன்றிரண்டு மட்டும் அனுப்பி, லட்சக்கணக்கான தடவை திரும்பச் செய்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பொருள் பழைய நிலைக்கு வந்து நிற்கணும். நாம் ‘ஒரு கணம்’ என்று பார்ப்பது கணங்களின் கூட்டுத்தொகை. மின்னேற்றங்களின் ஓட்டம் திரும்பி வரும், சரி. ஊக்கியின் மேற்பரப்பு தேய்ந்து மாறுவது திரும்பி வருமா? அணு ஆயுத ஆய்வுக்கூடமான லிவர்மோர் ஒரே துடிப்பில் எலெக்ட்ரான்களைத் திணித்துத் திரும்பாத நிகழ்வுகளையும் படமெடுத்தது. ஆனால் வேகம் நானோ நொடிக்கு, பத்து லட்சம் ஃபெம்டோ நொடிக்கு, இறங்கிப்போனது.

வரலாற்றெழுத்தும் இப்படித்தானே? திரும்பத் திரும்ப நடப்பதை அமைப்பு என்கிறோம்; ஒருதடவை வெடித்ததை விதிவிலக்கு என்று ஒதுக்குகிறோம். படத்தை நிராகரிக்கச் சொல்லவில்லை. இது எத்தனை தடவையின் கூட்டுத்தொகை, இதில் விழாமல் போனது எது என்று கேட்காமல் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம், அவ்வளவுதான்.