கரையேறியவர்களும் காகிதங்களும்: முத்துக்குளித்துறையிலும் மண்டபத்திலும் அகதி மறுவாழ்வுப் பணி வளர்ந்த விதம்

புதிதாக வந்திறங்கிய அகதிக் குடும்பத்துக்குப் பதிவு, உதவித்தொகை, பள்ளி, மருத்துவம், வேலை, குடியுரிமை என ஒவ்வொன்றிலும் உடன் நின்று முடித்துக்கொடுக்கும் இருமொழிப் பணியாளரை மேலைநாட்டு மீள்குடியேற்றத் திட்டங்கள் கேஸ் மேனேஜர் என்று அழைக்கின்றன. தமிழக முகாம்களில் அந்தப் பதவிப்பெயர் புழங்குவதில்லை. ஆனால் வேம்பாறு முதல் மணப்பாடு வரையான முத்துக்குளித்துறையிலும் அதற்கு வடக்கே மண்டபம், தனுஷ்கோடிக் கரையிலும் அந்த வேலை வெவ்வேறு ஆட்களின் கையில் நெடுங்காலமாக நடந்துவந்திருக்கிறது. பட்டங்கட்டி, கங்காணி, வருவாய் ஆய்வாளர், முகாம் தலைவர், தொண்டர் என்று ஆள் மாறிய வரிசையைப் பின்தொடர்ந்தால், ஆள்வோரின் ஆளாக இருந்த இடையாள் எப்போது வந்தவர்களின் ஆளானார் என்பது தெளிவாகிறது. கட்டுரை அந்த மாற்றத்தை மையமாகக் கொள்கிறது.

இக்கரையில் இடம்பெயர்ந்தோருக்கான உதவி எழுத்தில் பதிவான மிகப் பழைய நிகழ்வுகளுள் ஒன்று 1544-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு வடுகர் படை தாக்கியபோது கன்னியாகுமரிப் பகுதிப் பரதவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி உயிர் தப்பினர். உணவும் நீரும் இன்றித் தவித்தனர். செய்தி கேட்ட பிரான்சிஸ் சவேரியார் ஜூன் மாதம் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் புறப்பட்டார். காற்று எதிர்த்து வீசியதால் தோணிகள் போய்ச் சேரவில்லை. பிறகு அவர் தரைவழியே சென்றார். அவருக்குத் தமிழ் அரைகுறையாகவே தெரியும். இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவைத்துத்தான் மன்றாட்டுகளையே தமிழாக்கினார். மக்களைத் திரட்டுவதற்கும் அவர்களிடம் வேலை வாங்குவதற்கும் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளே வழி. பட்டங்கட்டி சாதிக்கும் திருச்சபைக்கும் போர்த்துகீசிய அதிகாரத்துக்கும் நடுவில் நின்றவர். ஊருக்காகப் பேசினார்; மேலிடத்துக்காக வரியும் வாங்கினார். இந்த இரட்டை நிலை பின்வந்த இடையாட்கள் பலருக்கும் பொருந்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் போக்கு மறுதிசையில் இருந்தது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின், இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் முக்கியத் துறைமுகங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது. கொள்ளைநோய் அச்சத்தால் இலங்கை அரசு தூத்துக்குடிக்கு அடுத்த தட்டப்பாறையில் ஒரு தடுப்பு முகாம் நடத்தியது. கப்பலேறும் முன் கூலிகள் அங்கே நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்ததும் போக்குவரத்து அங்கே திரும்பியது. முகாம் வேலையும் மண்டபத்துக்குப் போயிற்று. இந்தப் பாதையில் கங்காணிதான் எல்லாம். ஊரில் முன்பணம் தருபவர், முகாமில் பெயர் கொடுப்பவர், தோட்டத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே பேசுபவர் எல்லாம் அவரே. அந்த உதவிக்கு விலை கடன். தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. வழிகாட்டுகிறவரே கடன்காரராகவும் இருந்தால் வழி யாருக்குச் சாதகமாக அமையும் என்பதைக் கங்காணி முறை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

தொழிலாளரை அனுப்பிய அதே மண்டபம் முகாம், அரை நூற்றாண்டுக்குப் பின் அவர்களின் பேரப்பிள்ளைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கப்பலில் வந்தவர்கள் கையில் குடும்ப அட்டை இருந்தது. அதில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டம் குறிக்கப்பட்டிருந்தது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், வியாபாரக் கடன் என்று அது பலவகை. 1969-இல் தாயகம் திரும்பியோருக்கென ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது.

திட்டங்கள் குறைவில்லை. குறைந்தது உடன் நிற்கும் ஆள். தோட்டத்தைத் தவிர வேறு பிழைப்பு அறியாத குடும்பம் வியாபாரக் கடனுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றபோது, விண்ணப்பம் எழுதவும் ஜாமீன் காட்டவும் தரகர்கள் புகுந்தனர். கடனில் ஒரு பகுதி அவர்களிடம் போயிற்று. கங்காணியின் நிழல் இங்கும் விழுந்தது என்று சொல்லலாம். இவர்களும் தமிழர், அதிகாரியும் தமிழர், பேச்சில் ஒரு தடையும் இல்லை. இருந்தும் இடையாள் தேவைப்பட்டார்; அலுவலகம் கேட்டது எழுத்து.

இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த வன்முறைக்குப் பின் வந்தவர்கள் ஒப்பந்தத்தின் கீழ் வந்தவர்கள் அல்லர். முதல் கட்டமாக 1987 வரை சுமார் 1.34 லட்சம் பேர் படகுகளில் வந்தனர். 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது பெரிய இரண்டாம் அலையும், 1996-க்குப் பின் மூன்றாவதும், 2006-இல் நான்காவதும் தொடர்ந்தன. 2012 வரை வந்தவர்கள் மொத்தம் 3 லட்சத்தைத் தாண்டினர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டப்படி இவர்கள் அப்போது 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்துக்கு உட்பட்டிருந்தனர். எனவே முதல் விசாரணை காவல்துறையின் கியூ பிரிவிடமும், அடுத்த பதிவு வருவாய்த்துறையிடமும் சென்றது. மண்டபத்தில் சில நாட்கள் வைத்தபின் குடும்பங்கள் மாநிலம் முழுதும் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. தூத்துக்குடி மாவட்டத்தில் எட்டயபுரம் வட்டாரத்துத் தாப்பாத்தியும் குளத்துவாய்ப்பட்டியும் அவ்வாறு அமைந்தவை.

முகாமில் அரசின் முகம் வருவாய் ஆய்வாளர். குறித்த நாளில் தலைக்கணக்கு எடுப்பார். அன்று வரிசையில் இல்லாதவருக்குப் பணக்கொடை நிற்கும். பெயின்ட் அடிக்கும் வேலைக்கு வெளியூர் போன ஆண்கள் அந்த நாளுக்கு முகாம் திரும்பியே ஆகவேண்டும். இத்தகைய இடத்தில் முகாம்வாசிகள் சார்பில் பேசும் முகாம் தலைவரின் வேலை எளிதன்று. வழக்கின் விவரம் அவருக்குத் தெரியும், விதி தெரியாது. ஆய்வாளருக்கு விதி தெரியும். வழக்குக்குப் பின்னால் உள்ள ஊரும் உறவும் தெரியாது.

இந்த இடைவெளியில்தான் 1984-இல் சென்னையில் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஆங்கிலச் சுருக்கப்படி ஓஃபர், நுழைந்தது. சந்திரகாசன், ‘தந்தை செல்வா’ என்று அழைக்கப்பட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன். அகதிகளையே பயிற்றுவித்து அகதிகளுக்குப் பணியாற்ற வைத்தது இந்த அமைப்பின் தனித்தன்மை. முகாமில் வளர்ந்த இளைஞர்களும் பெண்களும் கல்வி, சுகாதாரம், மனநல ஆலோசனை ஆகியவற்றில் தொண்டர்களாயினர். 1990 முதல் இயேசு சபை அகதிகள் பணியும் மாலை வகுப்புகள் வழியே இதே பாதையில் வந்தது. பட்டங்கட்டிக்குப் பின், வந்தவர்களின் சொந்த ஆளே இடையாளானது இந்தக் கட்டத்தில்தான். கங்காணியைப் போல அவருக்குக் கடன் வசூல் இல்லை, ஆய்வாளரைப் போல ஆள்பார்க்கும் கடமையும் இல்லை.

இந்தத் தொண்டர் செய்த வேலையின் நுட்பம் சிறிய விவரங்களில் இருக்கிறது. இலங்கையில் சாதாரண தரத் தேர்வு எழுதிய மாணவியை இங்கே எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தலைமையாசிரியருக்கு விளக்க வேண்டும். கிராம சேவகர் தந்த கடிதத்துக்கு இங்கே கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஈடாகுமா என்று கேட்டறிய வேண்டும். யாழ்ப்பாணப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்தில் தொடங்கும் கணபதிப்பிள்ளை, மண்டபத்துப் பதிவேட்டில் ‘ஜி’ எழுத்தில் தொடங்கிவிட்டால், இரண்டும் ஒரே ஆள் என்று நிறுவ வேண்டும். மலைநாட்டிலிருந்து வவுனியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து படகேறிய குடும்பமாக இருந்தால் பிறப்புப் பதிவு சிங்களத்தில் மட்டும் இருக்கலாம். அதை மொழிபெயர்க்கத் தகுதியுள்ளவரை முதலில் தேட வேண்டும். தமிழன் தமிழனுக்கு மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் நிலைமை இறுகியது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழைவது தடைபட்டது. அகதி மாணவர்களின் கல்விச் சேர்க்கையும் பாதிக்கப்பட்டது. 1992 ஜனவரியில் அரசு திருப்பி அனுப்பத் தொடங்கியது. விருப்பத்தோடு செல்வதாகக் கையெழுத்து வாங்கிய படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்ற புகார் அன்று வலுவாக எழுந்தது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். ஐ.நா. அகதிகள் ஆணையம் விருப்பத்தைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருப்பதால், அது உலக அமைப்பு என்பதால், தானே அதை ஆராய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் கருதியது. 1995 வரை சுமார் 54,000 பேர் திரும்பினர். உடனிருந்து படித்துச் சொல்லும் ஆளை வெளியேற்றிவிட்டு வாங்கிய சம்மதத்தின் மதிப்பு குறைவு என்றே கொள்ள வேண்டும்.

கடலுக்கு அப்பால் சென்ற அதே மக்களுக்கு வேறு அனுபவம் கிடைத்தது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்கள் மீட்கப்பட்டனர். கனடாவில் 1978-இலேயே உருவான தமிழீழச் சங்கம் போன்ற அமைப்புகள் அரசு நிதியுடன் குடியேற்ற உதவிப் பணியாளர்களை வைத்துச் செயல்பட்டன. அங்கே இருமொழிப் பணியாளருக்குச் சம்பளமும் சட்ட அங்கீகாரமும் இருந்தன. புதியவருக்குக் குடியுரிமை என்ற முடிவும் கண்முன் இருந்தது. தமிழகத் தொண்டருக்கு இந்த மூன்றில் எதற்கும் உறுதி இல்லை.

2009-இல் போர் முடிந்தபின் வேலையின் எடை நாடு திரும்புதலுக்கும் குடியுரிமைக்கும் சாய்ந்தது. 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பலாக ஸ்காட்டியா பிரின்ஸ் தொடங்கியபோது, விமானத்தில் கொண்டுபோக முடியாத வீட்டுச் சாமான்களோடு திரும்பலாம் என்ற வசதி பிறந்தது. அக்டோபரில் ஐ.நா. ஆணையத்தின் உதவியுடன் ஒரு சிறு குழு அதில் ஏறியது. நவம்பரில் சேவை நின்றது. கப்பல் தொடர்ந்திருந்தால் எத்தனையோ தையல் இயந்திரங்களும் சைக்கிள்களும் கடந்திருக்கும்.

குடியுரிமைக் கேள்வியில் தேதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த விதியின்படியே. அதற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் திருமணச் சான்று வேண்டும். முகாம் கோயிலில் தாலி கட்டியவர்கள் பலர் அதைப் பதிவு செய்ததில்லை. எனவே பேத்தியின் பிறப்புச் சான்றுக்காகப் பாட்டனின் திருமணத்தை முதலில் பதிய வேண்டிய வழக்குகளும் உண்டு. மலையக வம்சாவளியினருக்கு இந்தியா கைவிட்டதா இலங்கை கைவிட்டதா என்பதே முதல் கேள்வி. 2009-இல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களுக்கும் இடமளித்தது. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்து, 7,469 வீடுகளைக் கட்ட முன்வந்தது. முகாம்கள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாறின. குடும்பத்தலைவருக்கான மாத உதவி 1,500 ரூபாயாக உயர்ந்தது. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியால் புதியவர்கள் தனுஷ்கோடிக்கு வந்தபோது, நாற்பதாண்டுப் பழக்கம் அவர்களை மண்டபத்துக்கே கொண்டு சேர்த்தது.

2025 செப்டம்பரில் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து அரசிடம் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. பதிவுதான் அந்த விலக்கின் நிபந்தனை. 2022 முதல் வந்த குடும்பங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன.