வெள்ளை வினிகர், ஆப்பிள் வினிகர், தென்னை வினிகர்... சின்ன வெங்காயத்துக்கு எது சரி? முழு விவரம்

வட இந்திய உணவு கிடைக்கும் ஓட்டல்களில் நாண், தந்தூரி சிக்கன் ஆர்டர் செய்தால், கூடவே சின்னக் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு வெங்காயம் வரும். இதன் பெயர் சிர்கா வெங்காயம். சிர்கா என்றால் இந்தியில் வினிகர். நிறம் பீட்ரூட் துண்டு கொடுத்தது. சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன பெரம்பலூரில், இதை வீட்டிலேயே போட்டுப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: கடையில் இத்தனை வினிகர் இருக்கே, எதை வாங்குறது?

எல்லாமே புளிப்புதானே, என்ன வித்தியாசம்?

எல்லா வினிகரிலும் புளிப்பைத் தருவது அசிட்டிக் அமிலம். இனிப்புச் சாறு முதலில் ஈஸ்ட்டால் நொதித்து ஆல்கஹால் ஆகும். அப்புறம் காற்று பட்டால், வேறு வகை பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அமிலமாக மாற்றும். மூலப்பொருளின் வாசனை கொஞ்சம் தங்கிவிடுவதால்தான் சுவை மாறுகிறது.

புளியிலும் எலுமிச்சையிலும் இருப்பது வேறு அமிலங்கள். அவை கொதித்தாலும் ஆவியாகாது. வினிகர் கொதிக்கும்போது அமிலத்தில் கொஞ்சமும் வாசனையும் ஆவியாகப் போய்விடும். அதனால்தான் ஃபாஸ்ட்புட் கடை மாஸ்டர், ஃப்ரைடு ரைஸில் வினிகரைக் கடைசியில் தெளிக்கிறார். புளிக்குழம்பில் புளிக்குப் பதில் வினிகர் ஊற்றினால் மூக்கில்தான் ஏறும், நாக்கில் நிற்காது.

எது எதற்கு?

வெள்ளை வினிகர் கூர்மையான புளிப்பு. தனி வாசனை கிடையாது. ஊறுகாய், பச்சை மிளகாய் வினிகர், கோபி மஞ்சூரியன் எல்லாவற்றுக்கும் இது போதும். ஆப்பிள் வினிகரில் லேசான பழ வாசனை உண்டு. சாலட்டுக்கு நன்றாக இருக்கும். உடம்பு இளைக்க என்று தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமல் அரிக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். அரிசி வினிகர் மென்மையானது, சீன, ஜப்பானிய சமையலுக்கு. பால்சாமிக் இத்தாலிச் சரக்கு; இனிப்பும் புளிப்பும் கலந்த கருப்புத் திரவம். நம்ம சமையலில் பெரிய வேலை இல்லை.

தென்னை வினிகர் கதையே வேறு. கோவாவிலும் இலங்கையிலும் கள்ளைப் புளிக்க வைத்து எடுக்கிறார்கள். கோவாவின் விண்டாலு அசல் சுவை இதில்தான். இலங்கையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சை, கடுகு, வினிகர் சேர்த்துப் போடும் மலாய் அச்சாறு, பெரம்பலூர் வெங்காயத்துக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், கள் வினிகர் உள்ளூரில் உருவாக வழியில்லை.

லேபிளில் என்ன பார்க்கணும்?

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருக்க வேண்டும். நொதிக்க வைக்காமல், அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்தால் 'சிந்தெடிக்' என்று லேபிளில் தெளிவாகப் போட வேண்டும். விலை குறைவான பாட்டில்கள் பலவும் இந்த ரகம்தான். ஊறுகாய்க்குத் தப்பில்லை, ஆனால் நொதித்த வினிகர் விலை கொடுத்து இதை வாங்கக் கூடாது. ஒன்று மட்டும் கவனம்: அடர் அசிட்டிக் அமிலத்தை மலிவு என்று வாங்கி வீட்டில் கலக்கவே கூடாது. தோலையும் உணவுக்குழாயையும் சுட்டுவிடும்.

வெங்காயம் போடுவது எப்படி?

உரித்த சின்ன வெங்காயம் 250 கிராம், வினிகர் 1 கப், தண்ணீர் அரை கப், உப்பும் சர்க்கரையும் தலா 1 டீஸ்பூன், பீட்ரூட் 2 துண்டு. திரவத்தைச் சூடாக்கி, கண்ணாடி பாட்டிலில் உள்ள வெங்காயத்தின் மேல் ஊற்றி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவும். மறுநாளே காரம் அடங்கிவிடும். தண்ணீர் சேர்ப்பதால் அமிலம் குறையும். எனவே வெளியில் வைக்க வேண்டாம், 2 வாரத்துக்குள் முடிக்கவும். அலுமினியம், பித்தளைப் பாத்திரம் ஆகாது. பூண்டு சேர்த்தால் சில நேரம் பச்சையாகும், பயப்பட வேண்டியதில்லை.

விற்பனைக்கு என்றால் இந்த அளவு செல்லாது. விலை சரியும்போதும், மழையில் பட்டறையில் வெங்காயம் அழுகும்போதும், பாட்டிலில் போட்டு விற்றால் என்ன என்று யோசிக்கும் விவசாயிகள், முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஊறிய வெங்காயத்தின் பிஹெச் அளவு 4.6-க்குக் கீழே இருக்கிறதா என்று பரிசோதிப்பதும் கட்டாயம். அதற்கு மேல் போனால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் உயிரைப் பறிக்கும் போட்டுலிசம் நச்சு உருவாக வாய்ப்புண்டு.

அரியலூர் முந்திரிப்பழத்திலும் வினிகர் வருமா?

வரும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கம் கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே கிடந்து அழுகுகிறது. சாறு ஒரே நாளில் புளிக்கத் தொடங்கும். துவர்ப்பை நீக்கி, நொதிக்க வைத்தால் வினிகர் தயார். கோவாவில் இதே பழத்தில்தான் ஃபெனி என்ற மதுவை வடிக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான்: வினிகர் ஆகும் முன் சாறு ஆல்கஹால் ஆகிறது. எனவே தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள், பழத்தைப் பிழிவதற்கு முன்பே மதுவிலக்கு அதிகாரிகளிடம் அனுமதி பற்றி எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.