ஒரு தோல்வியும் 159 வெற்றிகளும்

டேன் கேபிள் என்ற பேரை எடுத்தாலே அமெரிக்க மல்யுத்த ரசிகர்கள் அவருடைய ஒரே தோல்விக்கு வந்துவிடுவார்கள். பள்ளியிலும் கல்லூரியிலுமாக 181 குஸ்திகளில் ஜெயித்தவர், 1970 தேசியக் கல்லூரி இறுதிப்போட்டியில், அதுவும் கல்லூரி வாழ்க்கையின் கடைசிப் போட்டியில், லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று விழுந்தார். கேபிளோடு மோதுவதற்கென்றே எடையைக் குறைத்துக்கொண்டு வந்தவர் ஓவிங்ஸ். 1971இல் கேபிள் உலகச் சாம்பியன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 68 கிலோ பிரிவில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடத் தராமல் தங்கம். அந்தத் தோல்விதான் அவரை உருவாக்கியது என்று கதையை முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். கேல் சாண்டர்சனைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கேபிள் படித்த அதே அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம். 1999 முதல் 2002 வரை 159 போட்டி, 159 வெற்றி, நான்கு தேசியப் பட்டம். கல்லூரிக் களத்தில் தோல்வி பாடம் நடத்தாமலேயே 2004 ஏதென்ஸில் 84 கிலோ தங்கம் வந்தது. ஆனால் கல்லூரியில் ஆடுவது அமெரிக்காவுக்கே உரிய பாணி: எதிராளியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்துக்கும் மதிப்பு உண்டு. ஒலிம்பிக்கில் ஆடும் ஃப்ரீஸ்டைலில் அது செல்லாது. சாய்க்க வேண்டும், முதுகைப் பாய்க்குத் திருப்ப வேண்டும். அந்த மாற்றத்தில் சாண்டர்சனும் அடி வாங்கினார். 2003 உலகப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது வெள்ளி.

கேபிளின் வேகமோ ஓவிங்ஸுக்கு முன்பே பிறந்தது. 1964இல், குடும்பம் மீன்பிடிக்கப் போயிருந்த நேரம், அக்கா டயேன் அயோவாவின் வாட்டர்லூ நகரத்து வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். பெற்றோர் வீட்டை விற்றுவிட நினைத்தபோது, பதினைந்து வயதுப் பையன் அக்காவின் அறைக்கே குடிபோனான். அந்தப் பையனுக்கு 1970 தோல்வி கூடுதல் விறகு, அவ்வளவுதான்.

தோல்வியின் தடம் அவர் வீரராக இருந்ததைவிடப் பயிற்சியாளராக இருந்த காலத்தில்தான் எனக்குத் தெரிகிறது. 1976 முதல் 1997 வரை அயோவா பல்கலைக்கழகத்துக்கு 15 தேசியப் பட்டம். அவருடைய அணிப் பிள்ளைகள் கடைசி நிமிடத்திலும் மூச்சு வாங்காமல் முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். ஓவிங்ஸ் புள்ளிகளை அள்ளியது கடைசி நிமிடத்தில்தானே! சாண்டர்சன் பயிற்சி தரும் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியிடம் அந்த இறுக்கம் இல்லை. கணுக்காலைப் பறித்துச் சாய்ப்பது ஆசானின் கைவந்த பிடி. சீடர்களும் அவர் போலவே தயங்காமல் பாய்கிறார்கள், பிசகினால் சிரித்துக்கொண்டே எழுகிறார்கள். பலன் குறைவில்லை: 2011 முதல் 2025 வரை 12 பட்டம். 1997இல் கேபிளின் கடைசி அணி வைத்த 170 புள்ளிச் சாதனையை 2024இல் 172.5 எடுத்து முறியடித்ததும் இவர்களே.

இரண்டு பட்டறைச் சரக்கும் ஒலிம்பிக்கில் விலைபோனது. கேபிளின் டாம் பிராண்ட்ஸ் 1996 அட்லாண்டாவிலும், சாண்டர்சனின் டேவிட் டெய்லர் டோக்கியோவிலும் தங்கம் வென்றார்கள். பிராண்ட்ஸ் 2006 முதல் அயோவாவின் தலைமைப் பயிற்சியாளர். டெய்லர் 2024இல் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். இனி சாண்டர்சனுக்கு எதிர்ப்பக்க நாற்காலியில் சொந்தச் சீடரே உட்கார்ந்திருப்பார்.